பாயோடு ஒட்டமாட்டீர்கள்: ஹிப்னோதெரபிக்குப் போகும் முன் தெரிய வேண்டியவை

வெளியூரில் யாரிடமாவது மட்டக்களப்பு என்று சொன்னால் உடனே ஒரு பகிடி வரும், "அங்க போனா பாயோட ஒட்ட வச்சிருவாங்களாமே" என்று. மந்திரத்துக்குப் பேர்போன ஊர், நாங்களும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவோம். ஆனால் ஹிப்னோதெரபி, அதாவது ஹிப்னோசிஸ் என்கிற மனோவசியத்தை வைத்துச் செய்கிற சிகிச்சை என்ற பேச்சு எடுத்தால் முதலில் பயப்படுகிறதும் நாங்கள்தான். வருசக்கணக்காக வயிற்றோடு அல்லாடிய என்னை டொக்டர் ஒருவர் அதையும் செய்து பார்க்கச் சொன்னார். நான் கொழும்புக்குப் போக பேக்கை எடுத்தபோது ஆரையம்பதி மாமி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மறுகா நீ எழும்பாட்டி என்ன மனே செய்யிற?"

மாமியைக் குறை சொல்ல முடியாது. மனோவசியம் என்று நாங்களே பேர் வைத்திருக்கிறோம், வசியம் என்றால் யாரோ ஒருவர் உங்களைக் கட்டிப் போடுகிறார் என்றுதானே அர்த்தம். ஆங்கிலப் பேரும் லேசுப்பட்டதல்ல. மான்செஸ்டரில் இருந்த ஜேம்ஸ் பிரெய்ட் என்ற ஸ்கொட்லாந்து சத்திரசிகிச்சை மருத்துவர் 1843இல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதியபோது, தூக்கம் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பேரை எடுத்தார். சில வருசத்திலேயே இது தூக்கம் இல்லை என்று அவருக்கே விளங்கி, ஒரே எண்ணத்தில் நிற்பது என்ற பொருளில் வேறு பேர் வைக்கப் பார்த்தார். அதற்குள் பழைய பேர் ஊரெல்லாம் பரவிவிட்டது.

அப்படியானால் உள்ளே என்னதான் நடக்கிறது? கல்லடிப் பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டு நிற்கிறவரைப் பாருங்கள். பக்கத்தில் ஆள் கதைப்பது அவர் காதில் விழும், மழை தூறினால் தெரியும், ஆனால் மனம் முழுக்க விரலில் சுற்றிய அந்த நூலில். யாராவது அவசரமாகக் கூப்பிட்டால் நூலைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார். அவ்வளவுதான். எனக்கு முழு நேரமும் மேலே ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, ஒரு தடவை மூக்குச் சொறிந்துகொண்டேன், ஒன்றும் கெட்டுப் போகவில்லை. நடுவில் டொக்டருக்கு மாரடைப்பே வந்தாலும் நீங்கள் பாட்டுக்குக் கண்ணைத் திறந்து எழும்புவீர்கள். வைகாசிச் சடங்கில் தெய்வம் வந்து ஆடுகிற மாதிரியா என்று சிலர் கேட்கிறார்கள். பறையும் இல்லை, உடுக்கும் இல்லை, சாய்ந்து உட்கார்ந்துகொண்டு ஒருவர் மெதுவாகக் கதைப்பதைக் கேட்கிறீர்கள், இடையில் கேள்வி கேட்டால் பதிலும் சொல்லுகிறீர்கள்.

மேடையில் ஆளைக் கோழி மாதிரிக் கூவ வைப்பதைப் பார்த்தவர்கள் இதை நம்ப மறுப்பார்கள். மேடைக்காரர் முதலில் பத்து இருபது பேரைக் கூப்பிட்டு, கையைக் கோர்க்கச் சொல்லி ஏதாவது செய்ய வைத்து, சொன்னதும் இலகுவாக இழுபடுகிறவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கீழே அனுப்பிவிடுவார். மேலே நிற்கிறவருக்கும் ஆட விருப்பம். இந்த இழுபடும் தன்மை ஆளுக்கு ஆள் வேறுபடும், அதை அளக்க ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1959இல் ஒரு அளவுகோலே செய்தார்கள். பெரும்பாலானவர்கள் நடுவில் இருப்போம். அதற்கும் படிப்புக்கும் மனஉறுதிக்கும் சம்பந்தம் இல்லை, எனவே "நான் ஸ்ட்ரோங் ஆள், எனக்கு வேலை செய்யாது" என்று பெருமைப்படவும் தேவையில்லை.

பயப்படுகிறவர்களைவிட அளவுக்கு மிஞ்சி நம்புகிறவர்களை நினைத்துத்தான் எனக்குப் பயம். இரண்டு பேருக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம், எதிரே இருக்கிறவர் மனதுக்குள் புகுந்து எதையும் செய்வார் என்று. காசு பறிக்கிறவர்களுக்கு அந்த எண்ணம் போதும்.

எங்கள் பக்கத்தில் இது முக்கியமாக எங்கே வருகிறதென்றால், சுனாமியிலும் யுத்தத்திலும் ஆளைப் பறிகொடுத்தவர்களிடம். "அந்த நாளை மனசிலிருந்து அழிச்சு விடுவாங்களாமே" என்று கேட்கிறார்கள், கேட்கிற குரலிலேயே விளங்கும் எவ்வளவு ஆசையோடு கேட்கிறார்கள் என்று. அழிக்க முடியாது. நினைவு வரும்போது உடம்பு பதறுவதைக் குறைக்க, பயிற்சி பெற்ற ஒருவர் மற்றச் சிகிச்சையோடு சேர்த்து இதைப் பாவிக்கலாம், அதுவும் மெதுவாக. முதல் நாளே "அந்தக் காலையை மறுபடி பாருங்கள்" என்று தோண்டுகிறவரிடம் இருந்தால் எழும்பி வந்துவிடுங்கள். இன்னொன்று, மறந்துபோனதை வெளியே எடுப்போம் என்கிறார்களே, முன்பிறவி, சின்ன வயசில் நடந்தது, சங்கிலியை எடுத்தது யார் என்று. ஹிப்னோசிஸில் வருகிற நினைவு சாதாரண நினைவைவிடச் சரியாக இருப்பதில்லை, ஆனால் சொல்லுகிறவருக்கு அது உண்மைதான் என்ற நம்பிக்கை மட்டும் கூடிவிடும். பொய்யான நினைவு உண்மை போலப் பதிந்துவிடும் என்பதால்தான் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1982இல் அப்படிப்பட்ட சாட்சியத்துக்குத் தடை போட்டது. சங்கிலி தொலைந்தால் பொலிசுக்குப் போங்கள்.

சரி, எதற்குத்தான் போகலாம்? குடல் எரிச்சல் நோய்க்கு (IBS என்பார்கள், வயிற்றுநோவோடு வயிற்றோட்டமோ மலச்சிக்கலோ அடிக்கடி வருவது) நல்ல ஆதாரம் இருக்கிறது. மான்செஸ்டர் மருத்துவர்கள் 1984இல் முதல் ஆய்வை வெளியிட்டார்கள், ஒரு வருசம் மருந்தெடுத்தும் சுகம் வராதவர்களுக்கு இதையும் யோசிக்கலாம் என்று பிரித்தானியாவின் அரச வழிகாட்டியே 2008இலிருந்து சொல்லுகிறது. நோவு, சத்திரசிகிச்சைக்கு முந்திய பதற்றம் இவைகளுக்கும் உதவும். சிகரெட்டை ஒரே தடவையில் விட வைப்போம் என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள், 2019இல் ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது மற்ற வழிகளைவிட இது மேல் என்று சொல்ல ஆதாரம் போதவில்லை.

போகும் முன் முதலில் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் மெலிவது, இதெல்லாம் இருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு உட்காருகிற வேலை வேண்டாம். காதில் குரல் கேட்கிறவர்கள், வலிப்பு வருகிறவர்கள் தங்கள் டொக்டரிடம் கேட்காமல் போகவே கூடாது. எடுக்கிற மாத்திரையை நிற்பாட்டச் சொன்னால் அந்த ஆளை நிற்பாட்டுங்கள்.

ஆளைத் தெரிவு செய்ய நான் வைத்திருக்கிற கேள்வி ஒன்றுதான்: "ஹிப்னோசிஸ் இல்லாமலும் இந்த வருத்தத்துக்கு உங்களால் வைத்தியம் பார்க்க முடியுமா?" மருத்துவர், உளவியலாளர் என்றால் ஆம் என்பார். வார இறுதி வகுப்பு ஒன்றுக்குப் போய் ஃபிரேம் போட்ட சேர்டிபிகேட் எடுத்தவர் முழிப்பார். டொக்டர் என்று சொன்னால் பேரை இலங்கை மருத்துவ சபைப் பதிவேட்டில் பார்க்கலாம். எத்தனை தடவை, எவ்வளவு காசு என்று முதலே கேளுங்கள் (மான்செஸ்டரில் வயிற்றுக்குப் பன்னிரண்டு தடவை வரை பார்க்கிறார்கள்). கூட ஒருவர் அறையில் இருக்கலாமா என்றும் கேளுங்கள், முக்கியமாகப் பெண்கள். மாட்டேன் என்று இழுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். தமிழில் செய்வாரா என்பதும் முக்கியம், நோவை எந்த மொழியில் சொல்லி அழுகிறோமோ அந்த மொழியில் கேட்டால்தான் மனம் இளகும்.

வீட்டில் கேட்க ஒலிப்பதிவு தருவார்கள், பாதி வேலை அதில்தான், ஒவ்வொரு நாளும் கேளுங்கள். மோட்டார் சைக்கிளில் போகும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்காதீர்கள். இரவில் கேட்டு இடையில் நித்திரையாகிவிட்டால்? காலையில் எழும்புவீர்கள், மாமி.