வாய்க்காலில் இறங்குமுன் ஏறும் வழியைப் பாருங்கள்

மதகு திறந்து மூடும் வேலையில் 26 வருஷம் இருந்தவன் நான். "இங்கே ஆழம் எவ்வளவு?" என்று கரையில் நின்று கேட்டவர்கள் ஏராளம். "எந்தப் பக்கம் ஏறலாம்?" என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

சிமெண்ட் பூசிய கால்வாயில் சரிவாகத்தானே இருக்கிறது என்று சாதாரணமாக இறங்கிவிடுவார்கள். நீர்மட்டத்துக்குக் கீழே பாசி படிந்திருக்கும். கால் நிற்காது, கைக்குப் பிடிமானமும் கிடைக்காது. நன்றாக நீந்தத் தெரிந்த பையன் ஒருவன், கரையைத் தொட்டுக்கொண்டே, ஏற முடியாமல் சிமெண்டைச் சுரண்டியபடி போனதைப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச தூரம் கீழே இருந்த படியில் காத்திருந்து பிடித்துத் தூக்கினோம். விரல் நுனியெல்லாம் ரத்தம். அதனால் படியோ ஏணியோ எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அப்படி எதுவும் இல்லாத இடத்தில் கை கழுவக்கூடக் குனியாதீர்கள்.

மதகுக்குப் பக்கத்தில் குளிப்பதே கூடாது. ஷட்டர் அடியில்தான் திறக்கும்; மேலே தண்ணீர் தூங்குவதுபோல இருக்கும், கீழே இழுத்துக்கொண்டிருக்கும். தண்ணீர் குதித்து விழும் சின்னத் தடுப்பும் அப்படித்தான். விழுந்த நீர் மேல்மட்டத்தில் மறுபடி தடுப்பை நோக்கியே திரும்பும், சிக்கிய ஆளை விடாது.

முழங்கால் அளவுதானே என்பார்கள். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். தெளிந்த நீரில் நாலடி ஆழம் மூன்றடி மாதிரி தெரியும். மழையே இல்லாவிட்டாலும் மேலே ஷட்டரைத் தூக்கினால் இங்கே மட்டம் ஏறும்; அதைத் தூக்கியவனே சொல்கிறேன்.

தவறி விழுந்துவிட்டால் எதிர்நீச்சல் போடாதீர்கள். மல்லாந்து, கால் முன்னே போகும்படி மிதந்து, சாய்வாகக் கரைப்பக்கம் ஒதுங்குங்கள்.

மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்தமாட்டார். தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் இருக்கும். விளையாடுகிறான் என்றுதான் தோன்றும். பின்னாலேயே குதித்து இரண்டு பேராகப் போனவர்கள் உண்டு. கரையில் குப்புறப் படுத்து மூங்கிலோ வேட்டியோ நீட்டுங்கள். என் சைக்கிளில் எப்போதும் மூடி இறுக்கிய 20 லிட்டர் காலி கேன் ஒன்று கயிறு கட்டித் தொங்கும். தண்ணி வியாபாரமா என்று கேலி செய்தவர்களும் அதைப் பிடித்து மிதந்திருக்கிறார்கள். தலைக்குச் சற்று அப்பால் எறிந்தால் கயிறு கைக்கு வரும்.

வெளியே எடுத்ததும் வயிற்றை அமுக்காதீர்கள், தலைகீழாகத் தூக்காதீர்கள். மூச்சில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊதி, பிறகு நெஞ்சில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்யுங்கள். கண் விழித்துப் பேசினாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும்.

அப்புறம் குப்பை. பூச்சிமருந்து டப்பாவை வாய்க்காலில் அலசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. கீழே யாரோ அதில் முகம் கழுவிக்கொண்டிருப்பார். ஒரு ராத்திரி ஷட்டர் கடைசி அரையடி இறங்க மறுத்தது. அடியில் யாரோ வீசிய பழைய மெத்தை. விடியும்வரை காத்திருந்து, மேல்மதகை அடைத்து, தண்ணீர் வடிந்த பிறகுதான் இறங்கினேன். அப்போதும் இடுப்பில் கயிறு. மறுமுனை கரையில் இரண்டு பேர் கையில்.