டிரோன் காட்சி எடிட்டிங்கில் ஏறவில்லையா? கார்டை அழிக்கும் முன் இதைப் பாருங்கள்

கோவில் கும்பாபிஷேகம் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை. கலசத்தில் புனித நீர் ஊற்றும் அந்தச் சில நிமிடங்களை மேலிருந்து எடுத்துவிட்டு, இரவு வீட்டில் கணினியைத் திறந்தால் ஃபைல் ஏறவில்லை என்றால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். கோலாலம்பூரில் கல்யாணம், கோவில் விழா என்று டிரோன் எடுத்துக்கொண்டு போகும் தம்பிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, வி.எல்.சி. பிளேயர்ல நல்லா ஓடுது, எடிட்டிங்ல மட்டும் ஏற மாட்டேங்குது. ஃபைல் கெட்டுப்போச்சா?" பெரும்பாலும் கெட்டிருக்காது. பதற்றத்தில் அடுத்துச் செய்யும் காரியம்தான் கெடுத்துவிடும்.

பெயருக்குப் பின்னால் எம்பி4 என்று இருந்தால் எல்லா ஃபைலும் ஒன்றுதான் என்று நினைப்பதில் தொடங்குகிறது சிக்கல். எம்பி4 வெறும் டப்பா. உள்ளே காட்சியைச் சுருக்கி வைத்திருக்கும் முறை, அதாவது கோடெக், எச்.264 ஆகவும் இருக்கலாம், எச்.265 ஆகவும் இருக்கலாம். நிறத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பதிகிறது என்பதில் 8 பிட், 10 பிட் என்ற வித்தியாசமும் உண்டு. வி.எல்.சி. சுருக்கிய காட்சியை விரிக்கும் டிகோடர்களைத் தன்னோடே வைத்திருப்பதால் ஏறக்குறைய எதையும் ஓட்டிவிடும். எடிட்டிங் மென்பொருள் அப்படியில்லை. விண்டோஸில் சில மென்பொருள்கள் எச்.265-க்குக் கணினியில் உள்ள கோடெக்கை நம்பியிருக்கும். அதை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் சிறு தொகை கட்டித் தனியாகப் போட வேண்டியிருக்கும். விண்டோஸில் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு 10 பிட் எச்.265-ஐ ஏற்காமல் போவது வழக்கம். அதே இலவசப் பதிப்பு மேக்கில் பெரும்பாலும் திறந்துவிடுகிறது. அதனால் நண்பரின் மேக்கில் ஓடியது, என் மடிக்கணினியில் ஓடவில்லை என்றால் கார்டைக் குறை சொல்லாதீர்கள்.

எது என்று தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். வி.எல்.சி.யில் ஃபைலை ஓடவிட்டு, டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்ஃபர்மேஷனைத் திறங்கள். எச்.இ.வி.சி. என்று இருந்தால் அதுதான் எச்.265. பிட் கணக்கும் வேண்டுமானால் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டிவிடும். இதைப் பார்க்காமல் மென்பொருளை அழித்து மறுபடி போடுவதில் ஒரு பயனும் இல்லை. ஃபைல் பெயரை எம்.ஓ.வி. என்று மாற்றுவதும் அப்படித்தான். பெயர் மாறும், உள்ளே ஒன்றும் மாறாது.

சரி, கோடெக்தான் பிரச்சினை என்று தெரிந்துவிட்டது. உடனே ஹேண்ட்பிரேக் என்ற வடிவ மாற்று மென்பொருளில் போட்டு மாற்றுகிறோம். இங்கேதான் பலர் காட்சியின் தரத்தை இழக்கிறார்கள். ஹேண்ட்பிரேக்கைத் திறந்ததும் தயாராக நிற்கும் அமைப்பு 1080 அளவுக்கானது. எதையும் மாற்றாமல் தொடக்கப் பொத்தானை அழுத்தினால் 4கே காட்சி 1080 ஆகச் சுருங்கும், 10 பிட் நிறம் 8 பிட்டாகும். அதன்பின் இடம் போதவில்லை என்று மூல ஃபைலையும் அழித்துவிட்டால் முடிந்தது கதை. எடிட்டிங்கிற்காக மாற்றுவதென்றால் ஷட்டர் என்கோடர் போன்ற இலவச மென்பொருளில் புரோரெஸ் 422 அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் வடிவத்திற்கு மாற்றுங்கள். டிஎன்எக்ஸ்எச்ஆரில் 10 பிட் வேண்டுமானால் எச்.கியூ.எக்ஸ். என்பதைத் தேர்ந்தெடுங்கள், எஸ்.கியூ. 8 பிட்தான். இடமும் நிறைய வேண்டும். டிரோனில் நொடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்த ஒரு நிமிடம் சுமார் 750 எம்பி. அதுவே 4கே, நொடிக்கு 25 ஃபிரேமில் புரோரெஸ் 422 ஆனால் ஏறக்குறைய 3.7 ஜிபி. லோயாட் பிளாசாவில் மெமரி கார்டு வாங்கப் போகிறவர்கள் ஹார்ட் டிஸ்க்கையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காப்பி எடுப்பதிலும் கவனம் வேண்டும். கைப்பேசிச் செயலியில் பறக்கும்போது சேமிக்கப்படுவது தரம் குறைந்த முன்னோட்டப் பிரதி. அதை எடிட்டிங்கில் போட்டுவிட்டு, படம் மங்கலாக இருக்கிறது என்று வருந்துவோர் உண்டு. மூலம் கார்டில்தான் இருக்கும். டிஜேஐ நிறுவன டிரோனின் கார்டில் பக்கத்திலேயே இருக்கும் எல்.ஆர்.எஃப். ஃபைலும் சிறிய முன்னோட்டம்தான். எஸ்.ஆர்.டி. ஃபைலில் இருப்பது பறந்த விவரம். பழைய பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபியைத் தாண்டிய ஃபைல் அதில் ஏறாது. எக்ஸ்ஃபேட் முறையில் இருக்க வேண்டும். கார்டிலிருந்தே நேராக எடிட்டிங் டைம்லைனில் இழுத்துப் போடவும் வேண்டாம். கார்டைக் கழற்றியதும் எல்லாக் காட்சியும் 'மீடியா ஆஃப்லைன்' என்று சிவந்து நிற்கும்.

நிஜமாகவே உடைந்த ஃபைலும் உண்டு. பதிவை நிறுத்தாமல் பேட்டரியைக் கழற்றினாலோ, டிரோன் விழுந்தாலோ இப்படி ஆகும். எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பதிவின் முடிவில்தான் எழுதப்படுகிறது. அது இல்லாமல் எந்த மென்பொருளும் திறக்காது, ஆனால் காட்சி கார்டிலேயே கிடக்கும். விண்டோஸ் 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கார்டை அதே டிரோனில் போட்டு, முழு சார்ஜ் உள்ள பேட்டரியுடன் இயக்கி, சில நிமிடங்கள் தொடாமல் விடுங்கள். பல டிஜேஐ மாடல்கள் அறுந்த ஃபைலைத் தானாகவே முடித்து வைக்கும். அதற்கும் மசியவில்லை என்றால் அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதே டிரோனில், அதே அமைப்பில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் அட்டவணையை மறுபடி கட்டப் பார்க்கும். அதுவரை அந்தக் கார்டில் புதிதாக ஒன்றையும் பதிவு செய்யாதீர்கள்.

அப்புறம் ஃபிரேம் கணக்கு. மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மண்டப விளக்குகளின் கீழ் காட்சி மினுங்காமல் இருக்க 25 அல்லது 50 ஃபிரேமில் எடுப்பது பாதுகாப்பு. டாவின்சியில் காட்சிகளை உள்ளே கொண்டுவந்தபின் புராஜெக்டின் ஃபிரேம் ரேட்டை மாற்ற முடியாது, முதலிலேயே சரியாக வையுங்கள்.

ஏறியபின் திக்கித் திக்கி ஓடினால் பயப்பட வேண்டாம், எடிட்டிங்கிற்கு மட்டும் பயன்படும் சிறிய பிரதியான பிராக்ஸி போட்டு வேலையைத் தொடரலாம். கார்டை மட்டும் அன்றிரவே அழித்துவிடாதீர்கள். இரண்டு இடங்களில் பிரதி எடுத்து, ஒவ்வொரு ஃபைலையும் டைம்லைனில் தொடக்கம், நடு, முடிவு என்று ஓட்டிப் பார்த்தபின் டிரோனுக்குள்ளேயே ஃபார்மேட் செய்யுங்கள்.