நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க எண்ணும் மலையகத்தவர் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டியவை

நாடாளுமன்ற உறுப்பினராவதற்குப் பட்டமோ சாதாரண தரச் சித்தியோ வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இலங்கை அரசியலமைப்பின் 90ஆம் உறுப்புரையின்படி வாக்காளராக இருக்கத் தகுதியுள்ள எவரும், 91ஆம் உறுப்புரை கூறும் தகுதியீனங்கள் இல்லாதவிடத்து, உறுப்பினராகத் தெரிவுசெய்யப்படவும் தகுதியுள்ளவரே. ஆகவே முதலில் பார்க்க வேண்டியவை 18 வயதும் இலங்கைக் குடியுரிமையும்.

வயதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குடியுரிமையைப் பற்றி மலையகத்தில் நிறையவே சொல்ல வேண்டும். 1947 தேர்தலில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. மறு ஆண்டே வந்த 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. குடியுரிமை வழங்கிய 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை அந்தச் சிக்கல் இழுபட்டது. உங்கள் தாத்தாவோ அப்பாயியோ பதிவின் மூலம் பிரஜையானவராக இருக்கலாம்; அதை ஒரு குறையாக எவரும் பேச இடங்கொடுக்காதீர்கள். வம்சாவழிப் பிரஜைக்கும் பதிவுப் பிரஜைக்கும் இடையே எந்தத் தேவைக்காகவும் வேறுபாடு காட்டக்கூடாது என்று 26ஆம் உறுப்புரை திட்டவட்டமாகக் கூறுகிறது.

உரிமை இருந்தாலும் அதைக் காட்டும் கடதாசிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். வீட்டுப் பெட்டியில் பொலித்தீன் உறைக்குள் பத்திரமாக இருக்கும் பிரஜாவுரிமைச் சான்றிதழை வெளியே எடுத்து, உங்கள் பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை ஆகியவற்றுடன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். தகப்பன் பெயர் ஒன்றில் 'பெருமாள்' என்றும் மற்றொன்றில் 'பெருமால்' என்றும் இருப்பதும், முதலெழுத்து இடம் மாறியிருப்பதும் தோட்டப்புறங்களில் புதிதல்ல. பிறப்புச் சான்றிதழில் பிழை இருந்தால், பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தம் கோரலாம். அதற்குக் காலம் எடுக்கும் என்பதால் தேர்தல் அறிவிக்கப்படும்வரை காத்திருக்க வேண்டாம். கொழும்பில் வேலை செய்தாலும் வாக்கு தோட்டத்திலேயே இருப்பவர்கள், தேருநர் இடாப்பில் (வாக்காளர் பட்டியலில்) தம் பெயர் தொடர்ந்து இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் ஆண்டுதோறும் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அடுத்தது தகுதியீனங்கள். வேறொரு நாட்டின் குடியுரிமையும் உள்ளவர் உறுப்பினராக முடியாது. 2015இல் 19ஆம் திருத்தம் கொண்டுவந்த இந்தத் தடையை 2020இல் 20ஆம் திருத்தம் நீக்கியது; 2022இல் 21ஆம் திருத்தம் மீண்டும் கொண்டுவந்தது. கனடாவிலோ இங்கிலாந்திலோ குடியுரிமை பெற்றுத் திரும்பியவர்கள் அதை முறைப்படி துறந்து, அதற்கான சான்றையும் கையில் வைத்துக்கொண்ட பின்னரே வேட்புமனுவைப் பற்றி நினைக்க வேண்டும். கடன் தீராத வங்குரோத்து நிலை, கடந்த ஏழு ஆண்டுகளுக்குள் இலஞ்சக் குற்றத்தீர்ப்பு, குறிப்பிட்ட அளவு சிறைத்தண்டனை ஆகியனவும் தடைகளே.

மலையகத்தில் அரசியலுக்கு வர விரும்புவோரில் ஆசிரியர்கள் பலர் என்பதால் இதைத் தனியே சொல்ல வேண்டும். நீதித்துறை, படை, பொலிஸ் போன்ற பதவிகளில் இருப்போருக்கும் குறிப்பிட்ட தரத்து அரச அலுவலர்களுக்கும் 91ஆம் உறுப்புரை இடமளிப்பதில்லை. ஏனைய அரச அலுவலர் வேட்பாளரானால், பெயர் குறித்து நியமிக்கப்பட்ட நாளிலிருந்து தேர்தல் முடியும்வரை அவர் விடுமுறையில் இருப்பதாகவே 104ஆம் உறுப்புரை கருதுகிறது. உங்கள் பதவி எதில் அடங்கும் என்பதை வாய்ச்சொல்லில் விடாமல் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

தனி ஆளாக மனுத் தாக்கல் செய்ய முடியாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் அல்லது சுயேச்சைக் குழுவின் பட்டியலில் இடம்பெற வேண்டும். பட்டியலில் மாவட்ட ஆசனங்களைவிட மூன்று பெயர்கள் கூடுதலாக இருக்க வேண்டும்: 2024இல் நுவரெலியாவுக்கு 8 ஆசனங்கள் என்பதால் 11 பெயர்கள். ஒருவரின் சம்மதக் கையொப்பமோ உறுதிமொழியோ விடுபட்டாலும் முழுப் பட்டியலும் நிராகரிக்கப்படலாம். எனவே மாவட்டச் செயலகத்துக்குப் புறப்படுமுன் பட்டியலிலுள்ள ஒவ்வொருவரின் தாளையும் இன்னொருவர் வாசித்துப் பார்க்கட்டும். சொத்து, பொறுப்பு விபரங்களையும் மனுவுடன் கொடுக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படி, வென்றவர் தோற்றவர் என்ற பேதமின்றி எல்லா வேட்பாளரும் முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் செலவுக் கணக்கைச் சமர்ப்பிக்க வேண்டும் என்பதால், பற்றுச்சீட்டுகளை முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள்.