ஓய்வுக்கு முன் சி.ஏ.எஸ். ஃபைலை முடிப்பது எப்படி

கல்லூரி ஆசிரியர்கள் ஓய்வைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பென்ஷன், கிராஜுவிட்டி என்றுதான் பேச்சு போகும். அதற்கெல்லாம் முன்னால் முடிய வேண்டியது சி.ஏ.எஸ். (பணி முன்னேற்றத் திட்டம்) பதவி உயர்வு. அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போது காட்பாடியில் இருந்துகொண்டு, கேட்டு வருகிறவர்களின் ஃபைலைப் பார்த்துக் கொடுக்கிறேன். ஐம்பத்தெட்டு வயதுக்கு மேல் பதறிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

ஏன் பதற்றம் என்றால், 2018 யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறையில் ஒரு வரி இருக்கிறது. தேர்வுக் குழு உங்கள் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளும் நாளில் நீங்கள் பணியில் இருக்க வேண்டும். தகுதி வந்து எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் சரி, குழு கூடுவதற்குள் ஓய்வு பெற்றுவிட்டால் கதை முடிந்தது. 2003 ஏப்ரல் 1க்கு முன் சேர்ந்தவர்களுக்குக் கடைசிச் சம்பளத்தை வைத்துத்தான் பென்ஷன் கணக்கு. விட்டுப்போன பதவி உயர்வின் நஷ்டம் ஆயுசுக்கும் கூடவே வரும். தமிழ்நாட்டில் 2021இல் ஓய்வு வயது அறுபது ஆனபோது ஒரு வருஷம் கூடுதலாகக் கிடைத்ததே என்று பலர் இதைத் தள்ளிப்போட்டார்கள். அப்படிச் செய்யாதீர்கள். தகுதி நாளுக்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பம் கொடுக்க விதி இடம் தருகிறது.

மதிப்பீடு பயப்படும்படி இல்லை. ஒதுக்கிய வகுப்புகளில் எண்பது சதவீதமும் அதற்கு மேலும் எடுத்திருந்தால் ‘நன்று’, எழுபதுக்கு மேல் ‘திருப்தி’. அடுத்து மற்ற பணிகள்: துறைப் பொறுப்பு, தேர்வுப் பணி, என்.எஸ்.எஸ்., கருத்தரங்கு நடத்துவது, ஆய்வு வழிகாட்டுதல், கட்டுரை வெளியிடுவது. வருஷத்துக்கு மூன்று வகை இருந்தால் போதும். பெண் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மகப்பேறு விடுப்பு, குழந்தை பராமரிப்பு விடுப்பு, மருத்துவ விடுப்பு எல்லாம் மதிப்பீட்டுக் காலத்தில் சேராது. “அந்த வருஷம் வகுப்பு குறைவு” என்று யாராவது சொன்னால் விதிமுறையின் பக்கத்தையே நகலெடுத்து ஃபைலில் வையுங்கள். பேராசிரியர் நிலைக்கு மட்டும் ஆய்வு மதிப்பெண் 110 தேவை. அது கடைசி நேரத்தில் வராது.

சான்றை அந்தந்த வருஷமே எடுத்துவிடுங்கள். இப்போது சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002இல் வந்தது. அதற்கு முன் எங்களுக்கெல்லாம் சென்னைப் பல்கலைக்கழகம்தான். பழைய தேர்வுப் பணி ஆணைகளை இன்றைக்குப் போய் எங்கே தேடுவீர்கள்? ஆணை கையில் வந்த அன்றே செராக்ஸ், ஸ்கேன். முதல்வர் கையெழுத்தும் அவர் மாறுவதற்குள்.

பிறகு எஸ்.ஆர். பணிப்பதிவேட்டை வருஷம் ஒரு முறையாவது கேட்டு வாங்கிப் பாருங்கள். அலுவலகத்தில் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். பெயரின் இனிஷியல், பிறந்த தேதி, தகுதிகாண் முடித்த ஆணை, ஊதிய நிர்ணயம், ஈட்டிய விடுப்புக் கணக்கு எல்லாவற்றையும் சரிபாருங்கள். பிறந்த தேதியைத் திருத்த வேலையில் சேர்ந்த ஐந்து வருஷத்துக்குள் மனு கொடுத்திருக்க வேண்டும். எங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்கு ஒன்றாம் வகுப்பில் வாத்தியார் போட்ட தேதிதான். மாதத்தின் முதல் தேதியில் பிறந்ததாகப் பதிவு இருந்தால் முந்தின மாதக் கடைசி நாளிலேயே ஓய்வு. ஜூன் 1 காரர்கள் மே 31இல் கிளம்ப வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவி, “மேடம், உங்களுக்குப் படிப்படியாக ஓய்வு பெறும் வசதி கிடையாதா?” என்று கேட்டாள். அங்கே நிரந்தரப் பேராசிரியர்களுக்கு 1994 முதல் கட்டாய ஓய்வு வயதே இல்லை. சில பல்கலைக்கழகங்களில் நிரந்தரப் பதவியை விட்டுக்கொடுத்துவிட்டுச் சில வருஷம் பாதி வேலை, பாதிச் சம்பளம் என்று இருந்து விலகலாம். நமக்கு அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது மறுநியமனம்தான்: கல்வியாண்டின் நடுவே ஓய்வு வந்தால் ஆண்டு முடியும் வரை தொடரலாம். வேண்டுமா என்று யோசித்துவிட்டு விருப்பக் கடிதம் கொடுங்கள். சம்பளமும் பென்ஷனும் எப்படி வரும் என்பதைக் கணக்கரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முதுகலை மாணவர்களின் ப்ராஜெக்ட் பாதியில் நிற்கிறது என்றால் நான் தொடரத்தான் சொல்வேன். வெறும் பழக்கத்துக்காக என்றால் வேண்டாம்.

பென்ஷன் கருத்துரு ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பே சென்னை ஏ.ஜி. (மாநிலக் கணக்காயர்) அலுவலகம் போய்ச் சேர வேண்டும். நடுவில் வேலூர் ஜே.டி. (கல்லூரிக் கல்வி இணை இயக்குநர்) அலுவலகம் இருக்கிறது, அங்கே ஏதாவது குறிப்புப் போட்டுத் திருப்பினால் மாதங்கள் ஓடிவிடும். அதனால் ஒன்றரை வருஷம் முன்பே ஆரம்பிப்பதுதான் சரி.

அறிவியல் துறைக்காரர்களுக்கு இன்னொரு தலைவலி, ‘நோ டியூ’, அதாவது பாக்கி எதுவும் இல்லை என்ற சான்று. ஆய்வகத்தின் ஸ்டாக் ரெஜிஸ்டர் உங்கள் பெயரில் இருந்தால், உங்களுக்கு முந்தினவர்கள் காலத்து கால்வனாமீட்டர்கூட உங்கள் கணக்குத்தான். உடைந்ததை முறைப்படி கழிவு செய்திருக்க மாட்டார்கள். ரெஜிஸ்டரில் மட்டும் உயிரோடு இருக்கும். ஓய்வுக்கு முந்தின கோடை விடுமுறையில் ஒவ்வொன்றாக எண்ணி, கழிவுப் பட்டியல் போட்டு, குழுவின் கையெழுத்து வாங்கி, அடுத்தவரிடம் தேதி போட்டு ஒப்படையுங்கள். அதற்கு முன் லேப் அட்டெண்டரும் அதே வருஷம் ஓய்வு பெறுகிறாரா என்று கேட்டுவிடுங்கள். எந்த ஸ்பெக்ட்ரோமீட்டர் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.