கனடாவில் முதல் வீடு: கணக்கை டிசம்பருக்குள் திறந்துவிடுங்கள்

கனடாவில் முதல் வீட்டுக்குக் காசு சேர்ப்பவரா? கையில் பணம் இல்லாவிட்டாலும் எஃப்.எச்.எஸ்.ஏ. என்ற முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கை இந்த டிசம்பருக்குள் திறந்து வையுங்கள். ஆண்டுக்கு 8,000 டாலர் என்ற வரம்பு, கணக்கு திறந்த ஆண்டிலிருந்துதான் சேரத் தொடங்கும். டிசம்பர் 30 அன்று வெறும் கணக்காகத் திறந்தாலும் ஜனவரி 1 அன்று 16,000 போடலாம். ஜனவரியில் திறந்தால் 8,000தான். எத்தனை பேர் இதைத் தெரியாமல் ஒரு வருடத்தைக் கோட்டைவிடுகிறார்கள்!

மொத்த வரம்பு 40,000. கணவன், மனைவி தனித்தனியே திறக்கலாம். போடும்போது வரிக்கழிவு உண்டு, தகுதியான வீட்டுக்காக எடுக்கும்போது வரி கிடையாது, திருப்பிக் கட்டவும் வேண்டாம். ஆனால் ஆர்.ஆர்.எஸ்.பி. என்ற ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம் மாதிரி பிப்ரவரியில் போட்டுப் போன வருட வரிக்கணக்கில் காட்ட முடியாது. டிசம்பர் 31தான் கெடு.

போதவில்லையா? சரி, அதே வீட்டுக்கு ஆர்.ஆர்.எஸ்.பி.யிலிருந்தும் ஆளுக்கு 60,000 வரை எடுக்கலாம். அதை மட்டும் 15 ஆண்டுகளில் திருப்பிப் போட வேண்டும். அப்புறம், அதில் போட்ட பணம் எடுப்பதற்கு முன் 90 நாள் அங்கேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் வரிக்கழிவு கைநழுவிப் போகலாம்.