செடிப்பேன் பிடிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் உச்சிப்புளிப் பக்கம் இரண்டு மாணவர்களோடு சுற்றினேன். ஒரு காலத்தில் நான் அடித்த அதே கூத்து. வலை கிழிவதும் குப்பி உடைவதும் தானாகப் பழகிவிடும், அதை விடுங்கள். நான் சொல்வது டயஃபோரினா என்ற பேரினத்தைப் பற்றி. கருவேப்பிலைக் கொழுந்தைத் தொட்டதும் தாவுகிற, மூன்று நான்கு மில்லிமீட்டர்ச் செடிப்பேன் இதில்தான் சேர்த்தி.

உட்கார்ந்த செடியை எல்லாம் ஓம்புச் செடி (பூச்சி முட்டையிட்டு வளரும் செடி) என்று எழுதுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும்.

ஆடி மாதம். மண்டபம் ஊரில் கச்சான் காற்று ஆளையே தள்ளியது. வேல மர வகையான உடைமரத்தின் கிளையைத் தட்டினேன், விரித்த குடையில் இருபது பூச்சி. குப்பிச் சீட்டில் செடிப் பெயராக ‘உடை’ என்று எழுதிவிட்டேன். வேல மரங்களில் வாழ்வது அக்கிசியா என்ற வேறு பேரினம் என்று படித்திருந்தேன். நுண்ணோக்கியிலோ இறக்கை நுனிப் பக்கம் அகன்று, ஓரத்தில் பழுப்புத் திட்டோடு அச்சு அசல் டயஃபோரினா. நான் இறக்கையை நம்பவில்லை, என் சீட்டை நம்பினேன். புது இனம் என்று இரண்டு மாதம் துள்ளல்.

விவரம் தெரிந்த ஒருவர் கேட்டது ஒன்றுதான்: “தம்பி, இளம்பூச்சி இருந்துச்சா?”

திரும்பப் போய்ப் பார்த்தால், வேலிக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் தண்ணீர் பாய்கிற கருவேப்பிலை. கொழுந்தெல்லாம் தட்டையான மஞ்சள் இளம்பூச்சிகள், வெள்ளை மெழுகு நூலோடு. டயஃபோரினா சிட்ரியேதான். 1908-இல் பூச்சியியலாளர் குவயாமா தைவானிலிருந்து விவரித்த, எலுமிச்சைக்குப் பசுமை நோயைக் கடத்தும் அதே பூச்சி.

வளர்ந்தது எங்கும் போய் உட்காரும். முட்டையை விரியாத கொழுந்தில்தான் இடும். இளம்பூச்சி ஐந்து பருவத்தையும் அந்தச் செடியிலேயே கழிக்கும். ஐந்தாம் பருவத்தைக் கண்ணால் பார்க்காமல் ஓம்புச் செடி என்று எழுதாதீர்கள். அதற்கு முந்தைய மூன்று வருடச் சீட்டுகளும் அதே லட்சணம்தான். ஒரு பெட்டிக் குப்பிகளில் செடிப் பெயரை அடித்தேன்.

பெண்ணை மட்டும் பிடிப்பது

எந்த இனம் என்று பிரித்தறிய ஆணின் வால்முனை வேண்டும்.

ஊசியில் குத்துவது

சுருங்கிவிடும். ஆல்கஹாலில் போடுங்கள்.

குடும்பப் பெயரில் மல்லுக்கட்டுவது

2012 வகைப்பாட்டில் லிவிடே, 2021 திருத்தத்தில் சில்லிடே. பழைய கட்டுரையில் வேறு பெயர் இருந்தால் பதற வேண்டாம், பேரினம் மாறவில்லை.

வெயில் காலத்தில் போய் ‘பூச்சி இல்லை’ என்று குறிப்பது

கொழுந்து இல்லாவிட்டால் முட்டை ஏது? ஐப்பசி மழைக்குச் செடி துளிர்த்ததும் அதே செடியை மறுபடி பாருங்கள். அப்புறம், போன வாரம் மருந்து அடித்தார்களா என்று வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.