முகம் தெரியாதவர்களோடு ஃபேன்டசி லீக்: பரிசுப் பணத்தைக் காப்பது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் என்பது என் ஊர். இங்கே என் வட்டத்தில் பலரும் ஃபேன்டசி பிரீமியர் லீக் ஆடுகிறார்கள். இங்கிலாந்துக் கால்பந்து ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் நிஜ ஆட்டங்களில் ஆடுவதற்கேற்பப் புள்ளி பெறும் இணைய விளையாட்டு அது. கற்பனைப் பணமான 10 கோடி பவுண்டுக்குள் 15 ஆட்டக்காரர்களை எடுப்பது, கேப்டனைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வருவது பணத்தைப் பற்றி.

விளையாட்டு இலவசம். அதற்குள் நாமே அமைக்கும் தனி லீக்கில் ஆளுக்குப் போடும் 50 வெள்ளி (ரிங்கிட்) முழுக்க நமக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடு. அதற்கு விளையாட்டை நடத்தும் இணையத்தளம் பொறுப்பில்லை. நான் சேர்ந்திருந்த ஒரு லீக்கில், மே மாதம் பரிசு கொடுக்க வேண்டிய வாரத்தில் அமைப்பாளர் வாட்ஸ்அப் குழுவையே கலைத்துவிட்டுப் போனார். பாதிப் பேர் அவரை நேரில் பார்த்ததே இல்லை. அதன்பிறகு நண்பர்களோடு நடத்திய லீக்கில் கீழே உள்ள முறையைப் பின்பற்றினோம். கடைசிக் காசு வரை கணக்கு சரியாக வந்தது.

படி 1: லீக்கை நடத்துகிறவர் வேறு, பணம் வைத்திருப்பவர் வேறு

லீக்கைத் தொடங்கியவர் நினைத்தால் எந்த அணியையும் பட்டியலிலிருந்து நீக்கலாம். அந்த அதிகாரமும் பணமும் ஒரே கையில் இருக்கவே கூடாது. பொருளாளர் உங்களில் மூன்று நான்கு பேருக்காவது வீடு தெரிந்தவராக இருக்கட்டும். கமிஷன் கேட்கும் அமைப்பாளரிடம் சேரவே சேராதீர்கள்; பந்தயத்தைத் தொழிலாக நடத்துவதைத் தடுக்கும் 1953-ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. முஸ்லிம் நண்பர்களிடம் பணம் கேட்காதீர்கள். ஷரியா சட்டப்படி அவர்களுக்குச் சூதாட்டம் குற்றம்; பணமில்லாமல் ஆடட்டும்.

படி 2: மொத்தமாக வாங்காதீர்கள்

ஆகஸ்டில் 20 பேரிடம் 50 வெள்ளி வாங்கினால் 1,000 வெள்ளி ஒருவர் கணக்கில் மே மாதம் வரை கிடக்கும். அவர் நல்லவராகவே இருக்கட்டும். இடையில் வேலை போகலாம், பிள்ளைக்கு உடம்புக்கு முடியாமல் போகலாம். மாதம் 5 வெள்ளி வாங்குங்கள். சேரும் 100-இல் 50 அந்த மாதத்தில் முதலிடம் பெற்றவருக்கு உடனே போகட்டும். மீதி 50 இறுதிப் பரிசுக்கு. பத்து மாதத்தில் 500 சேரும். தளத்திலேயே மாதவாரியாகப் புள்ளிப் பட்டியல் பார்க்கலாம் என்பதால் தகராறு வராது. 1960-இல் எங்கள் ஊர்க்காரரும் அப்போதைய அமைச்சருமான துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடி விற்கப்படவிருந்த ரப்பர் தோட்டங்களை வாங்கத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகத்தான் பணம் கட்டினார்கள். மொத்தமாகக் கொடுக்க முடியாதவரும் இப்படிச் சேர முடியும்.

படி 3: பெயரைப் பாருங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இதுதான். டியூட்நவ் என்ற வங்கிப் பணப் பரிமாற்ற வசதி வழியாகத் தொலைபேசி எண்ணுக்குப் பணம் அனுப்பும்போது, உறுதி செய்வதற்கு முன் கணக்கு வைத்திருப்பவரின் பெயர் திரையில் வரும். பலர் அதைப் பார்க்காமலே அடுத்த பொத்தானை அழுத்துகிறார்கள். அங்கே நின்று படியுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு பெயர், திரையில் வேறு பெயர் என்றால் அனுப்பாதீர்கள். “அது என் மைத்துனர் கணக்கு, பயப்படாதீங்கண்ணே” என்று பதில் வந்தால் கட்டாயம் அனுப்பாதீர்கள்.

பெயர் சரியாக இருந்தாலும், அனுப்புவதற்கு முன் அந்தத் தொலைபேசி எண்ணையும், கிடைத்தால் கணக்கு எண்ணையும், காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் போட்டுப் பாருங்கள். அந்த எண்ணின் மீது ஏற்கெனவே மோசடிப் புகார் வந்திருந்தால் காட்டும். ஒன்றும் காட்டவில்லை என்பதற்காக ஆள் நல்லவர் என்று ஆகிவிடாது. இதுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் அந்த நிமிடமே தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள். பணம் கணக்கை விட்டு நகர்வதற்குள் தடுக்கப் பார்ப்பார்கள். மாதக்கணக்கில் கழித்து அழைத்தால் பணம் அங்கே இருக்காது.

படி 4: கணக்கைப் பொதுவில் ஒட்டுங்கள்

திருவிழா முடிந்ததும் தோட்டக் கோயிலில் வரவு செலவை எழுதி ஒட்டுவார்களே, அதே வழக்கம் இங்கும் வேண்டும். யார் கட்டினார், யார் பாக்கி, கையிருப்பு எவ்வளவு என்று மாதந்தோறும் குழுவில் போட வேண்டும். இதற்கென்று தனிச் செயலி எதுவும் வேண்டாம். எல்லாரும் திறந்து பார்க்கக்கூடிய கூகுள் ஷீட் போதும். திருத்தும் உரிமை மட்டும் பொருளாளருக்கு. வாட்ஸ்அப் செய்திகளை நம்பிக் கணக்கு வைப்பது எனக்குப் பிடிக்காது, அழித்துவிட்டால் போயிற்று.

பிற்சேர்க்கை 1: ஒரு பொருளாளர் எழுதியிருந்தார், உறுப்பினர் அனுப்பிய ரசீதுப் படம் போலியாம். படத்தை வைத்து வரவு எழுதாதீர்கள். பொருளாளர் தம் வங்கிச் செயலியைத் திறந்து, பணம் வந்ததைப் பார்த்த பிறகே எழுத வேண்டும்.

பிற்சேர்க்கை 2: இறுதிப் புள்ளி சமமானால் என்ன செய்வது என்று இருவர் கேட்டார்கள். சாதாரண லீக்கில் குறைவாக ஆட்டக்காரர்களை மாற்றியவரைத் தளம் மேலே வைக்கும். வைல்டு கார்டில், அதாவது அணி முழுவதையும் இலவசமாக மாற்ற உதவும் வாய்ப்பில், செய்த மாற்றங்கள் அதில் சேராது. அதை ஏற்பதா, பரிசைச் சமமாகப் பிரிப்பதா என்று ஆகஸ்டிலேயே எழுதி, எல்லாரிடமும் ‘சம்மதம்’ என்று வாங்கிவிடுங்கள். கடைசி நாள் ஆட்டங்கள் நம் நேரப்படி ஞாயிறு இரவு 11 மணிக்குத் தொடங்கும். சிறப்பாக ஆடியவர்களுக்குத் தளம் தரும் போனஸ் புள்ளிகள் உறுதியாகும் வரை பொறுத்திருந்து, திங்கள் மாலைக்குள் பரிசை அனுப்பிவிடுங்கள்.